முருகைக்கல் (பவளப்பாறை) வெளுக்கிற மாதத்தில் பாசி மிதவை இறக்கலாமோ?

தீவகன் · 2024 ஏப்ரல் 17

எங்கட கரையில கப்பாபைக்கஸ் எண்ட கடற்பாசி வளர்க்கிறதுக்கு விதைப்பாசியும் மிதவைச் சாமானும் தாறம் எண்டு ஒரு கொம்பனி கேட்டு நிக்குது. இடம் புங்குடுதீவுக்குத் தெற்கால, ஒண்டரைப் பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) தண்ணி. அடியில பாதி மணலும் சாதாளை எண்ட கடற்புல்லும், பாதி முருகைக்கல்லுப் பார். சங்கத்தில ரெண்டு பேச்சு. ஒரு பகுதி சொல்லுது, மிதவை நிழல் குடுக்கும், வெயிலுக்குக் கல்லு வெளுக்கிறதும் குறையும் எண்டு. மற்றப் பகுதி சொல்லுது, அது எங்கட கடலுக்குரிய பாசி இல்லை, கல்லை மூடிப்போடும் எண்டு. எது சரி? இந்த மாசமே இறக்க வேணுமாம்.

பாகக்கயிறு · ஏப்ரல் 17, இரவு

இந்த மாதம் இறக்க வேண்டாம். பாருக்கு மேலே எந்த மாதமும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் சூடு. நேற்று முன்தினம், ஏப்ரல் 15, அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா உலகளாவிய நான்காவது முருகைக்கல் வெளுப்பை அறிவித்திருக்கிறது. முந்தியவை 1998, 2010, 2014–2017. முருகைக்கல் உயிருள்ளது; அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் கொடுப்பது. வருஷத்தின் மிகச் சூடான மாதத்துக்குரிய சராசரியைவிட 1 பாகை கூடி, அது வாரக்கணக்கில் நின்றால் கல் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். கணக்குப் பார்ப்பது இப்படி, கூடிய பாகையை வாரத்தால் பெருக்கி: 1.5 பாகை கூடுதலாக 4 வாரம் நின்றால் 6. கடந்த 12 வாரத்தைக் கூட்ட வேண்டும். 1 பாகைக்குக் குறைந்த கூடுதலைச் சேர்ப்பதில்லை. 4 வந்தால் வெளுப்பு, 8 வந்தால் கடும் வெளுப்பும் சாவும். நோவாவின் வரைபடம் 5 கிலோமீற்றர் சதுரங்களாக இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, உங்கள் சதுரத்தை அழுத்திப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து தண்ணி அசையாமல் கிடக்கும்போது அடிவரை சூடாகும், வெளிச்சமும் அடிவரை போகும். சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்துக் கடல் கலங்கினால்தான் சூடு இறங்கும். சோளகம் பிந்துகிற வருஷம் கல்லுக்குக் கூடாத வருஷம்.

இனிப் பாசி. அதே சூடுதான் கப்பாபைக்கஸையும் அடிக்கிறது. ஐஸ்-ஐஸ் என்ற நோய்: தண்டு இடையிடையே வெள்ளையாகி, மெழுகு மாதிரி மென்மையாகி, அந்த இடத்திலேயே முறியும். சூடோ உப்புக் குறைவோ செடியைத் தளர்த்த, பின்னால் பற்றீரியா வந்து முடிக்கும். முறிந்த துண்டின் நுனி உயிரோடுதான் இருக்கும். இந்தப் பாசிக்கு விதை வேண்டாம், துண்டே போதும். ஆகவே கல் மிகவும் தளர்ந்து கிடக்கிற மாதத்திலேயே அதன் மேல் கூடுதலான துண்டு விழும். சித்திரையில் இறக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

தீவகன் · ஏப்ரல் 18

நன்றி அண்ணை. ஆனா கொம்பனிக்காரர் சொல்லுறார், கப்பாபைக்கஸ் தாழும், மிதந்து தூரம் போகாது, அதால பயமில்லை எண்டு. மிதவைக்குக் கீழ வலையும் கட்டுவினமாம்.

பாகக்கயிறு · ஏப்ரல் 18

தாழும் என்பது உண்மை. அதனாலேயே அது நேரே கீழே உள்ள பாரில் போய் நிற்கிறது. மிதக்கிற பாசி என்றால் கரையில் ஒதுங்கிக் காய்ந்துபோகும். தாழ்கிற பாசி அடியில் உருண்டு, கிளைக்கல்லின் இடுக்கில் சிக்கி, அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஒவாஹுவின் கனேயோஹே குடாவில் 1974இல் ஆராய்ச்சிக்கு வைத்த பாசி 1996க்குள் 6 கிலோமீற்றர் தள்ளிப் போயிருந்தது. வருஷத்துக்கு ஏறத்தாழ 250 மீற்றர். மெதுவான நடைதான், ஆனால் நிற்கவில்லை. எங்களுக்குக் கிட்ட, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவில் உயிருள்ள கிளைக்கல்லின் மேல் இதே பாசி படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கீழ் வலையைப் பற்றி: மண்டபம் பக்கத்தில் வழக்கமான மிதவை 3 மீற்றருக்கு 3 மீற்றர் மூங்கில் சட்டம். 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். அதாவது 60 கிலோ விதைத்துண்டு. 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் அலையில் ஆடும்போது கீழ் வலை பெரிய துண்டைத்தான் பிடிக்கும். வலைக்கண்ணைவிடச் சின்ன நுனிகள் தப்பிப் போகும். இன்னொன்று, அந்த வலை முதலில் துண்டைப் பிடிக்கக் கட்டுவதில்லை. பாசி மேயும் ஓரா மீனைத் தடுக்கத்தான் கட்டுவது.

கச்சான் · ஏப்ரல் 18

ஓரா விஷயத்தைச் சங்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள். ஓராவும் கிளிமீனும்தான் செத்த கல்லில் படரும் பாசியை மேய்ந்து துப்பரவாக்குவது. துப்பரவான கல்லில்தான் புதுக் குஞ்சுக்கல் ஒட்டும். பாசி வளர்ப்பவருக்கு ஓரா எதிரி, முருகைக்கல்லுக்கு ஓரா காவல். ஒரே பாரில் இரண்டையும் வைத்தால் சண்டைதான். வெளுப்பு நடக்கிற மாதங்களில் பாரில் ஓராவுக்கு வலை போடாமல் விட்டாலே பெரிய உதவி.

அதோடு, அந்நிய உயிர் என்றால் சிங்கமீனையும் சேருங்கள். உலகம் முழுக்க அதைக் கொல்லச் சொல்கிறார்கள். எங்கள் பாரிலும் நிற்கிறது. கண்ட இடத்தில் குத்த வேண்டும்.

நெய்தல் · ஏப்ரல் 19

கச்சான், ஓரா பற்றி எழுதியது முழுக்கச் சரி. சிங்கமீன் பிழை. அதை அழிக்கச் சொல்வது கரீபியன் கடலிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும். அங்கே அது வந்தேறி, அதைத் தின்னவோ அடக்கவோ எதுவும் இல்லை. இந்து சமுத்திரமும் பசிபிக்கும் அதன் சொந்த வீடு. இங்கே குத்த வேண்டிய தேவையே இல்லை. முள்நட்சத்திரம் என்கிற கல் தின்னும் நட்சத்திரமீனும் அப்படித்தான்: கூட்டமாகப் பெருகினால் நாசம், ஆனால் வந்தேறி அல்ல. கடலட்டைப் பண்ணையில் வளர்ப்பதும் இங்கத்தைய அட்டைதான்.

சிங்கமீன் முள் குத்தினால்: முள்ளை எடுத்துவிட்டு, கை பொறுக்கிற சுடுதண்ணியில், 45 பாகைக்கு மேல் போகாமல், அரை மணித்தியாலம் தொடக்கம் ஒன்றரை மணித்தியாலம் வைக்க வேண்டும். குத்தாத கையால் முதலில் சூட்டைப் பாருங்கள். குத்துப்பட்ட கைக்கு சூடு தெரியாது, வெந்துபோகும். பிறகு ஆஸ்பத்திரி.

நிழல் பேச்சைப் பற்றி: அது முழுப் பொய் இல்லை. சூட்டோடு கடும் வெளிச்சமும் சேரும்போதுதான் வெளுப்பு மோசமாகும், நிழலில் உள்ள கல் குறைவாக வெளுப்பதைப் பாரின் அடிப்பக்கத்திலேயே காணலாம். ஆனால் 45 நாள் ஒரே இடத்தில் நிற்கும் மிதவை கல்லுக்கும் கீழே உள்ள சாதாளைக்கும் வெளிச்சமே இல்லாமல் செய்யும், தண்ணி ஓட்டத்தையும் மந்தமாக்கும். அதிலிருந்து துண்டும் விழும். நிழல்தான் நோக்கம் என்றால் அதற்குப் பாசி தேவையில்லை.

செம்மண் · ஏப்ரல் 21

நான் கடல் ஆள் இல்லை, தோட்டப் பக்கம். ஆனால் இந்த இழையைப் பார்க்கும்போது பார்த்தீனியம் என்ற வந்தேறிக் களைதான் ஞாபகம் வருகிறது. 1987க்குப் பிறகு இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடும் தீவனத்தோடும் வந்தது என்பதுதான் இங்கே பரவலான பேச்சு. வவுனியாவில் அடையாளம் கண்டு எழுதியது 1999இல்தான். அந்த இடைவெளிக்குள் அது வேலியோரம், தரிசு, மயானம் எல்லாம் பிடித்துவிட்டது. ஒரு செடி 15,000 தொடக்கம் 25,000 விதை. முளைத்து 4 வாரத்திலேயே பூக்கத் தொடங்கும். கடலில் ஆரம்பத்திலேயே பிடியுங்கள், தரையில் நாங்கள் பிடிக்கவில்லை.

ஒழிக்க விரும்புவோருக்கு: ஒரு லீற்றர் தண்ணிக்கு 200 கிராம் கறியுப்பு கரைத்து, வெயில் நேரம் இலை நனைய அடித்தால் கருகும்.

பாகக்கயிறு · ஏப்ரல் 21

செம்மண், 20 வீத உப்புக் கரைசல் தமிழ்நாட்டில் சொல்கிற முறைதான், செடியும் சாகும். யாழ்ப்பாணத்தில் அடிக்க வேண்டாம். எங்கள் கிணற்று நல்ல தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லியதாகத்தான் நிற்கிறது. கல் வெடிப்பு வழியே மேலே விட்டது எல்லாம் நேரே இறங்கும். ஒரு பரப்புக் காணிக்கு அடிக்க எத்தனை கிலோ உப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டால் விளங்கும்.

செம்மண் · ஏப்ரல் 22

கிணற்றை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. அப்போ கையால்தான். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்க முதல், வேரோடு. கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம், தோல் ஒவ்வாமை வந்தால் வருஷக்கணக்கில் விடாது. பூத்த செடியை இழுத்தால் விதை கொட்டும்: முதலில் தலைக்கு உரப்பை கவிழ்த்து, கழுத்தில் கட்டி, வெட்டி எடுத்த பிறகே வேரைப் பிடுங்க வேண்டும். பூக்காததை மட்டும் கூட்டெருவுக்குப் போடலாம், பூத்ததை எரிக்க வேண்டும். 3 வாரத்துக்கு ஒருக்கால் அதே காணிக்குத் திரும்ப வாருங்கள், மண்ணில் கிடக்கும் விதை தொடர்ந்து முளைக்கும். வெறுமையான இடத்தில் மழைக்கு முதல் தகரை விதை எறிந்தால் அது முந்தி எழும்பி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து எரு, மணல் லொறி வந்தால் இறக்கிய இடத்தை ஒரு மாதம் கவனியுங்கள்.

நெய்தல் · ஏப்ரல் 24

திரும்பக் கடலுக்கு. தீவகன், உங்கள் சங்கம் எந்த முடிவு எடுத்தாலும் முதலில் பாரைப் பதிய வேண்டும். பிறகு "பாசி வந்ததால் செத்தது", "இல்லை, முந்தியே செத்தது" என்று அடிபடுவதற்கு இடமிருக்காது. வடக்குக் கரையைப் பற்றிய பதிவே மிகக் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பார்களில் 2017–2019இல் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தபோது, இலங்கையில் முதல் தடவையாகப் பதிவான முருகைக்கல் இனங்கள் மட்டும் 36. இருப்பதே தெரியாமல் இழக்கக்கூடிய இடம் இது.

செய்கிற முறை: குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய நிற அட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் 1 தொடக்கம் 6 வரை படி, 6 கடும் நிறம், 1 வெள்ளை. ஒரு கல்லின் மிக வெளிறிய இடத்துக்கும் மிகக் கடும் இடத்துக்கும் பக்கத்தில் அட்டையைப் பிடித்து இரண்டு இலக்கமும் எழுதுங்கள். கல்லின் வடிவமும் எழுதுங்கள்: கிளை, உருண்டை, தட்டு, மென்கல். ஒரு தடவைக்குக் குறைந்தது 20 கல். வடிவானதைத் தேடிப் போகாமல், கண்டபடி, துடுப்புக்கு எட்டியதை எடுங்கள். இரண்டு படி இறங்கினால் உள்ளே நுண்பாசி உண்மையில் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதே நேரம், அதே ஆள் பார்த்தால் நல்லது. முகில் மூடிய நாளில் நிறம் ஏமாற்றும்.

கச்சான் · ஏப்ரல் 24

வெள்ளை எல்லாம் சாவு இல்லை. இதைச் சுழியோடிகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கல்லில் இருந்து ஒரு சாண் தூரத்தில் முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெளுத்து, ஆனால் உயிரோடு இருக்கிற கல்லின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோல் தெரியும். கல்லில் உயிர் குடியிருக்கும் ஒவ்வொரு சின்னக் கிண்ணத்துக்கும் நடுவில் வாயின் சின்னப் புள்ளி இருக்கும், விளிம்புகள் மொழுக்கென்று தெரியும், சில நேரம் சளி நூல் தொங்கும். செத்த கல்லில் அந்தத் தோல் இராது. கிண்ண விளிம்பு கூராக, வெட்டி வைத்தது போல இருக்கும். சில நாளிலேயே மஞ்சள் பச்சையாகப் பஞ்சுப்பாசி படரத் தொடங்கும். பஞ்சு வந்தால் அந்த இடம் முடிந்தது. தொட்டுப் பார்க்க வேண்டாம், அந்தத் தோலை உரிக்க விரல் நுனி போதும்.

வெள்ளை ஒரு பக்கத்தில் தொடங்கி, உயிர்த் தசையோடு நேர்க்கோடாகப் பிரிந்திருந்தால் அது வெளுப்பல்ல. அடியில் சின்னச் சங்கு ஒளித்திருக்கும், அல்லது முள்நட்சத்திரம் மேய்ந்திருக்கும், அல்லது நோய். வெளுப்பு பெரும்பாலும் வெயில் படும் மேற்பக்கத்தில் தொடங்கி, கோடு இல்லாமல் மங்கலாகப் பரவும். கிளைக்கல் முதலில் போகும், உருண்டைக்கல் தாங்கும். சூடு சில வாரத்துக்குள் இறங்கினால் நிறம் திரும்பும்.

தாங்கிய இடமும் உண்டு, தாங்காத இடமும் உண்டு. 1998இல் கற்பிட்டிப் பார்களின் ஆழம் குறைந்த பகுதி ஏறத்தாழ முழுக்கச் செத்தது, திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. 2016இல் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் உயிர்க்கல் 38.9 வீதத்திலிருந்து 22.7 வீதமாக இறங்கியது.

தீவகன் · மே 3

தண்ணிச் சூட்டை எங்களால அளக்க ஏலுமோ? பெரிய கருவிக்குக் காசில்லை.

பாகக்கயிறு · மே 3

ஏலும். ஆய்வுகூடத்துச் சாதாரண வெப்பமானி, அரைப் பாகை காட்டினால் போதும். முதலில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சத் தண்ணியும் நிறைந்த கோப்பையில் வைத்துக் கலக்கிப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். 0.5 கூடக் காட்டினால் எல்லா அளவிலும் 0.5 கழியுங்கள்.

மேல் தண்ணியை அளந்து பிரயோசனம் இல்லை, மத்தியானம் மேல் ஒரு அடி தனியாகச் சூடாகும். 2 லீற்றர்ப் போத்தலுக்குக் கல்லுக் கட்டி, தக்கை மூடிக்கு நூல் கட்டி, கல்லின் மட்டத்துக்கு இறக்கி, நூலை இழுத்து நிரப்புங்கள். இரண்டு நிமிஷம் அங்கேயே விட்டால் போத்தலும் அந்தச் சூட்டுக்கு வரும். ஏற்றியவுடன், வள்ளத்தின் நிழலில், வெப்பமானியைப் போத்தலுக்குள்ளேயே விட்டு வாசியுங்கள். சின்னப் போத்தல் சீக்கிரம் மாறிவிடும். காலை 7 மணிக்கும் பின்னேரம் 2 மணிக்கும், ஒரே இடத்தில். வத்துப்பெருக்கையும் (கடல்நீர் இறங்கி ஏறுவதையும்) பக்கத்தில் எழுதுங்கள்; ஆழமில்லாத களப்புத் தண்ணி வத்தோடு வெளியே வரும்போது பாரில் சூடு திடீரெனக் கூடும்.

நெய்தல் · மே 12

லட்சத்தீவில் கடும் வெளுப்பு என்று இந்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருக்கிறது; ஒக்டோபரிலிருந்து கடல் வெப்ப அலை நிற்கிறதாம். அடுத்த சில வாரத்துக்குப் பாரில் நங்கூரம் போட வேண்டாம். மணலில் போட்டு நீளக் கயிறு விடுங்கள். பாரில் சிக்கிய தங்கூசி வலையை இழுத்து எடுக்காமல், கத்தரிக்கோலால் சாண் சாணாக வெட்டிக் கல்லை ஆட்டாமல் எடுங்கள்.

கச்சான் · மே 13

அந்நிய உயிர்கள் கப்பல் வழி வருவது பற்றி ஒருவரும் எழுதவில்லை. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. நிலைநிறுத்தத் தண்ணியை (கப்பல் சரியாமல் நிற்க உள்ளே ஏற்றும் கடல்நீரை) மாற்றுவதற்கு சர்வதேச விதி கரையிலிருந்து 200 கடல்மைல், அது முடியாவிட்டால் 50 கடல்மைல், இரண்டிலும் 200 மீற்றர் ஆழம் கேட்கிறது. இந்தப் பாதையில் அப்படி ஓர் இடமே இல்லை. ஆகவே கப்பலுக்குள்ளேயே சுத்திகரிக்கும் பொறி இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. படகின் அடியும் அப்படித்தான். சென்னை எண்ணூரில் காக்கா ஆழி என்கிற தென்னமெரிக்க மட்டி சேற்றை மூடி இறால் பாடுகளைக் கெடுத்தது. இப்படியானவை படகடியில் ஒட்டியும் ஊர் மாறும். படகடியில் ஒட்டும் ஓட்டுயிரான கொட்டலசைச் சுரண்டுவதைத் தண்ணிக்குள் செய்யாதீர்கள். படகைக் கரையேற்றி, காயவிட்டு, சுரண்டியதைக் கூட்டி அள்ளித் தரையில் புதையுங்கள்.

தீவகன் · மே 20

சங்கம் கூடினது. பாருக்கு மேல வேண்டாம் எண்டு எல்லாரும் ஒத்துக்கொண்டினம். ஆனா தொழில் இல்லாத பெண்கள் கனபேர், பாசி வேணும் எண்டு நிக்கினம். அவையளிட்ட வெறுமன வேண்டாம் எண்டு சொல்லேலாது. மணல் பக்கத்துக்குத் தள்ளினா எவ்வளவு தூரம் காணும்? ஏற்கெனவே பக்கத்துக் கரையில போட்டவையின்ர துண்டு வந்தா என்ன செய்யிறது?

பாகக்கயிறு · மே 20, இரவு

அவர்கள் கேட்பது நியாயம். முதலில் கஞ்சிப்பாசியைப் பாருங்கள். இங்கத்தைய கடலில் தானாக வளர்வது, அகார் எடுப்பது. விளைச்சலும் விலையும் கப்பாபைக்கஸ் அளவுக்கு வராது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் தப்பினாலும் அது வந்தேறி ஆகாது. விதையையும் பக்கத்துக் கடலிலிருந்தே எடுக்கலாம்.

கப்பாபைக்கஸ்தான் என்று முடிவெடுத்தால், இத்தனை மீற்றர் என்று ஒரு தூரத்தை என்னால் எழுத முடியாது, நீரோட்டம் முடிவு செய்யும். அடியில் உருண்டு போகும் பழஞ்சாதாளை எந்தக் குழியில், எந்தப் பார் ஓரத்தில் போய்க் குவிகிறது என்று சோளகத்திலும் வாடையிலும் பாருங்கள். பாசித்துண்டும் அங்கேதான் போகும். குவிகிற இடம் முருகைக்கல் என்றால் அந்த மணல் உங்களுக்கு உதவாது. பங்குனி தொடக்கம் சோளகம் பிடிக்கும் வரை மிதவை வெறுமையாக இருக்க வேண்டும், மாசி அறுவடையோடு எல்லாவற்றையும் கரையேற்றுங்கள். தண்டில் வெள்ளை வளையம் கண்ட அன்றே முழு மிதவையையும் அறுங்கள், 45 நாள் பார்த்து நிற்க வேண்டாம். நங்கூரத்துக்குக் கல் வேண்டாம், மணல் மூட்டை.

துண்டு வந்தால்: இரண்டு பேர். ஒருவர் நுண்கண் வலைப்பையை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடிக்க, மற்றவர் துண்டு கல்லில் ஒட்டிய பிடியை மொட்டைக் கத்தியால் மெதுவாக நெம்ப வேண்டும். இழுத்தால் முறியும், பிடி கல்லிலேயே நிற்கும். ஹவாயில் கையால் எடுத்த இடங்களில் சில மாதத்திலேயே திரும்ப முளைத்தது மிஞ்சின துணுக்குகளால்தான். அதனால் அங்கே உறிஞ்சும் பம்பும், பின்னால் மேய விட்ட கடல் முள்ளெலியும் சேர்த்துப் பாவித்தார்கள். எங்களுக்கு அந்த வேலையைச் செய்யக் கூடியது ஓரா, அதைப் பாரில் விட்டு வையுங்கள். எடுத்த இடத்துக்கு ஒரு தக்கைக் குறி கட்டி, மாதம் ஒருக்கால் திரும்பப் பாருங்கள். பையைக் கரையில் பெருக்கு எட்டாத இடத்தில் விரித்து, தண்டு நொறுங்கும் வரை காயவிடுங்கள். பச்சையாகத் தண்ணி விளிம்பில் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த பெருக்கு திரும்பக் கொண்டுபோகும்.

நெய்தல் · மே 21

குறித்த இடங்களின் பட்டியலைச் சங்கத்தில் ஒரு கொப்பியில் வையுங்கள்: திகதி, இடம், பாகம், துண்டின் எடை, நிற அட்டை இலக்கம். காணிக்காரர் பார்த்தீனியத்துக்கும் அதே மாதிரி ஒன்று வைக்கலாம். மிதவைக்கு அனுமதி கேட்டுத் திணைக்களத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள்.